மேகத்தைப் பார்த்தவர் தென்னையையும் பார்த்தார்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் ரயில் பாதையில் கொல்லங்கோடு என்ற ஊர் இருக்கிறது. தெற்கே மலைத்தொடர், மலையடியில் நெல் வயலும் தென்னந்தோப்பும். ஆடி மாதத்தில் கோவைச் சீமைக்குள் புகுந்து வாழையைச் சாய்க்கும் காற்று இந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வருகிறது. அந்தக் கணவாய் ஊரில் 1909-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி பிறந்த ஒருவர் வானிலை விஞ்ஞானியாகி, உலகம் முழுவதும் மதிக்கும் நிலைக்கு உயர்ந்தார். அவர் பெயர் பி.ஆர். பிஷாரடி.

மேகங்களையும் பருவக்காற்றையும் ஆராய்ந்த இவர், பணி ஓய்வு பெற்ற பிறகு தென்னை மரங்களை வானத்திலிருந்து படம் பிடிக்கும் வேலையில் இறங்கினார். படத்தைக் கொண்டு பயிரின் நலத்தை அறியும் தொலையுணர்வுக் கலைக்கு இந்தியாவில் இவரே தந்தை என்று விஞ்ஞானிகள் போற்றுகின்றனர். ஆனால் அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு வட்டாரத் தென்னை விவசாயிகளில் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எந்த நோயை அறிவதற்காக அவர் அன்று ஆகாயத்திலிருந்து படம் எடுக்க ஏற்பாடு செய்தாரோ, அதே கேரள வாடல் நோய் இன்று கணவாயைத் தாண்டிக் கொங்குச் சீமையின் தோப்புகளுக்குள் வந்துவிட்டது. எனவே அவர் வாழ்க்கையை இப்போது நினைத்துப் பார்ப்பது பயன் தரும்.

கல்லூரி ஆசிரியர் வானிலைக்கு வந்தார்

பிஷாரடி பௌதிகம் படித்தவர். சென்னை லயோலா கல்லூரியில் 1932 முதல் சுமார் 9 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். கோடை விடுமுறையில் மற்றவர்கள் ஊருக்குப் போகும்போது, அவர் பெங்களூருக்குச் சென்று சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1942-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். பின்னர் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற வானிலை அறிஞர் பியர்க்னெஸ் என்பாரிடம் பயின்று, 1954-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நாடு திரும்பியபின் மும்பை கொலாபா ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தார். 1962-இல் புனேயில் வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் அவரே. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். பூமத்திய ரேகையைத் தாண்டி வரும் ஈரத்தைவிட, அரபிக் கடலிலிருந்தே ஆவியாகிச் சேரும் ஈரம் அதிகம் என்று கணக்கிட்டுச் சொன்னார். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சிலர் இந்தக் கணக்கை மறுத்து, கடல் தாண்டி வரும் ஈரமே பெரிது என்றனர். விஞ்ஞானம் அப்படித்தான் வளர்கிறது. கேள்வியைச் சரியாகக் கேட்டு, அளந்து பார்த்து, விடையை எல்லோரும் சோதிக்கும்படி எழுதிவைத்தது அவர் செய்த உதவி.

இந்தக் கேள்வி கொங்கு விவசாயிக்கு அந்நியமானதன்று. அரபிக் கடல் மேகம் ஆனைமலையில் கொட்டித் தீர்க்கிறது. அந்த நீர்தான் பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால்களில் ஓடிவருகிறது. அதே மேகம் மலையைத் தாண்டியதும் வெறும் காற்றாகிவிடுகிறது. பல்லடம், சூலூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர் ஆனி, ஆடியில் அண்ணாந்து பார்த்தால் மேகம் ஓடும், மழை இறங்காது.

மேலிருந்து எடுத்த படம்

பழைய நாளில் மேகத்தைக் கீழிருந்துதான் பார்த்தார்கள். வானிலை நிலையத்து ஊழியர் வெட்டவெளியில் நின்று, வானத்தை எட்டுப் பங்காக மனத்தில் பிரித்து, அதில் எத்தனை பங்கு மேகம் மூடியிருக்கிறது, அது என்ன வகை மேகம் என்று குறித்துக்கொள்வார். இந்த முறை இன்றும் உண்டு. ஆனால் ஒருவர் கண்ணுக்கு எட்டுவது அவர் தலைக்கு மேலுள்ள வானம் மட்டுமே. கடலின் நடுவே புயல் கருக்கொண்டால், அந்த வழியாகக் கப்பல் ஏதேனும் வந்து செய்தி சொன்னால்தான் உண்டு.

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அமெரிக்கா டைரோஸ் என்ற முதல் வானிலைச் செயற்கைக்கோளை அனுப்பியது. அது மேகக் கூட்டங்களை மேலிருந்து படம் பிடித்துக் கீழே அனுப்பியது. அதன்பின் கடல் மேல் சுழலும் புயலின் உருவம் முழுமையாகத் தெரிந்தது. 1960-களில் இந்துமாக் கடலை ஆராயப் பல நாடுகள் கூடிப் பெரிய முயற்சி ஒன்றை மேற்கொண்டன. மும்பை அதில் முக்கிய இடம் பெற்றது. பருவக்காற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பிஷாரடி போன்றோருக்கு, அதுவரை எண்களாக மட்டும் இருந்த வானம் படமாகவும் கிடைக்கத் தொடங்கியது.

பிற்காலத்தில் இந்தியாவே இந்த வசதியைப் பெற்றது. 1983-இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேகப் படங்களை அனுப்பியது. அந்தப் படங்களைத்தான் தொலைக்காட்சிச் செய்தியின் முடிவில் மக்கள் பார்த்தார்கள். அந்த வரிசையில் வந்த இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரியில் ஏவப்பட்டது. புயல் வருகிறது என்று சில நாட்களுக்கு முன்பே சொல்ல முடிவதும், நெல்லையும் வாழையையும் முன்கூட்டி அறுத்துக் காப்பாற்ற முடிவதும் மேலிருந்து பார்க்கும் கண் கிடைத்ததால்தான்.

தென்னை மேல் பறந்த கேமரா

1967-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிஷாரடி வீட்டில் உட்காரவில்லை. விக்ரம் சாராபாய் உருவாக்கிய அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். மேகத்தைப் படம் பிடிக்கலாம் என்றால் பயிரையும் படம் பிடிக்கலாமே என்ற எண்ணம் அங்கே செயல் வடிவம் பெற்றது. எடுத்துக்கொண்ட பயிர் தென்னை. எடுத்துக்கொண்ட நோய் கேரளத்தின் வேர் வாடல்.

இந்த நோய் 1882-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு மீனச்சில் வட்டாரத்தில் முதலில் காணப்பட்டதாகச் சொல்வார்கள். அங்கிருந்து சிறிது சிறிதாகப் பரவித் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் தென்னையை நலியச் செய்தது. 1970-இல் அதற்குக் காரணம் எது என்பதே உறுதியாகவில்லை. அந்த ஆண்டு கேரளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து தென்னந்தோப்புகளைப் படம் எடுத்தார்கள். பயன்படுத்தியது சாதாரணப் படச்சுருள் அன்று. அகச்சிவப்புக் கதிரையும் பதிவு செய்யும் வண்ணச் சுருள்.

அகச்சிவப்புக் கதிர் மனிதர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நலமான பச்சை இலை அதை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. இலையின் உட்புறம் கெட்டால் அவ்வாறு திரும்பும் கதிர் குறைகிறது. அந்தச் சுருளில் நலமான மரம் நல்ல சிவப்பாகவும், நலிந்த மரம் மங்கியும் விழும். அதாவது, கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும் தோப்பில், படத்துக்கு வேறுபாடு தெரிகிறது. இந்தியாவில் தொலையுணர்வு முறையில் நடந்த முதல் சோதனை என்று இதையே குறிப்பிடுகிறார்கள். நோயுற்ற மரங்களை ஆகாயத்திலிருந்தே பிரித்தறிய முடியும் என்பதை அது காட்டியது.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. வானிலை விஞ்ஞானி தனியாக இதைச் செய்யவில்லை. வேளாண்மை ஆராய்ச்சியாளர்களும் பயிர் நோய் அறிந்தவர்களும் கூட இருந்தார்கள். படத்தில் மங்கித் தெரிந்த மரத்தைத் தரையில் போய்ப் பார்த்து ஒப்பிட்டால்தான் படம் சொன்னது சரியா என்பது தெரியும். மேலிருந்து பார்ப்பது பாதி. கீழே நடந்து பார்ப்பது மறு பாதி.

சிறிய ஹெலிகாப்டர்ச் சோதனையில் தொடங்கிய முயற்சி வளர்ந்தது. 1988 மார்ச் 17-இல், சோதனை நிலையைத் தாண்டி முழுப் பயன்பாட்டுக்கு வந்த இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ ஏவப்பட்டது. அடுத்த ஆண்டு, 1989-இல், வானிலைத் துறையின் மிக உயர்ந்த சர்வதேசப் பரிசான ஐ.எம்.ஓ. பரிசு பிஷாரடிக்கு வழங்கப்பட்டது. 2002 செப்டம்பரில், தமது 93-ஆம் வயதில் அவர் காலமானார்.

தோப்பில் இன்றைய நிலை

இன்று வேர் வாடல் நோய்க்குக் காரணம் தெரியும். ஃபைட்டோபிளாஸ்மா என்னும் மிக நுண்ணிய உயிரி மரத்தின் சாற்றுக் குழாயில் தங்கி நோய் உண்டாக்குகிறது. சல்லடை போன்ற இறகு கொண்ட ஒரு சிறு பூச்சியும், தத்துப்பூச்சி ஒன்றும் இதை மரத்துக்கு மரம் எடுத்துச் செல்கின்றன. முதலில் ஓலையின் இலைகள் விறைப்புக் குறைந்து, விலா எலும்பைப் போல உட்புறம் வளைகின்றன. பிறகு அடி ஓலை மஞ்சளாகும், இலை ஓரம் காயும், பாளை சிறுக்கும், குரும்பை கொட்டும். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும் தஞ்சாவூர் வாடல் வேறு நோய். அது பூசணத்தால் வருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு மருந்து ஊற்றிப் பணத்தை வீணாக்குவோர் உண்டு.

வேர் வாடலைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. இதைவிடப் பெரிய சங்கடம், இந்நோய் மரத்தை உடனே கொல்வதில்லை என்பது. நோய் கண்ட மரம் பல ஆண்டுகள் நிற்கும். வெட்டுக்கு வெட்டு காய் குறையுமே தவிர, அடியோடு நின்றுவிடாது. 2 ஏக்கர் தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயி, இன்னும் 20 காய் கொடுக்கும் மரத்தை எப்படி வெட்டுவார்? கன்று வைத்துக் காய் பார்க்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த மரம் அது. ஆனால் அந்த மரம் நிற்கும் ஒவ்வொரு மாதமும், பூச்சி அதில் சாறு குடித்துப் பக்கத்து மரத்துக்குப் போகிறது. பூச்சிக்கு வேலி தெரியாது; சர்வே எண் தெரியாது.

நோய் புதிதாக எட்டிப் பார்க்கும் இடத்தில் நோயுற்ற மரத்தை உடனே அகற்றிவிட வேண்டும் என்பதும், நோய் முற்றிப் பரவிவிட்ட இடத்தில் ஆண்டுக்கு 10 காய்க்கும் கீழே தரும் மரங்களையும், பாளை வருமுன்பே நோய் பிடித்த மரங்களையும் எடுத்துவிட்டு, மற்றவற்றை நல்ல உரமும் நீரும் கொடுத்துத் தேற்ற வேண்டும் என்பதும் ஆராய்ச்சி நிலையங்களின் பரிந்துரை. இரண்டு அறிவுரையும் சரியே. ஆனால் எந்த இடம் புதிய இடம், எந்த இடம் முற்றிய இடம் என்பதை யார் சொல்வது? தனி விவசாயியால் தன் தோப்பைத்தான் பார்க்க முடியும். கீழிருந்து மேகம் பார்த்த அந்தக் காலத்து ஊழியரின் நிலையில்தான் அவர் இருக்கிறார்.

படம் யாருக்கு?

இங்கேதான் பிஷாரடி தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று ஒரு ஹெலிகாப்டரும் கிடைத்தற்கரிய படச்சுருளும் தேவைப்பட்டன. இன்று செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு தோப்பின் மேலும் போய்வருகின்றன. மருந்து தெளிக்கும் டிரோன் கிராமத்துக்கே வந்துவிட்டது. படத்துக்குப் பஞ்சமில்லை. அது தோட்டக்காரர் கண்ணில் படுவதில்லை என்பதுதான் குறை.

ஊராட்சி வாரியாகத் தென்னந்தோப்புகளைப் படம் எடுத்து, சந்தேகத்துக்குரிய மரங்கள் எந்தத் திசையில் கூடி வருகின்றன என்பதை வரைபடமாக்கி, அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைப் புதுப்பிக்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் படம் எடுப்பது ஒன்று. சர்க்கார்பதியிலோ சேத்துமடையிலோ உள்ள விவசாயி, நோய் தன் தோப்புக்கு எத்தனை தூரத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதற்குப் படம் எடுப்பது மற்றொன்று. மக்கள் பணத்தில் பறக்கும் கேமரா இந்த இரண்டாவது வேலையைச் செய்தாக வேண்டும்.

படத்தை மட்டும் நம்புவதும் தவறு. வெள்ளை ஈ தாக்கிக் கரும்பூசணம் படிந்த ஓலையும், தண்ணீர் போதாத மரமும், சாம்பல் சத்துக் குறைந்த மரமும் படத்தில் மாற்றமாகத் தெரியலாம். எந்த மரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே படம் சொல்லும். நோயின் பெயரைத் தரையில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். தினமும் தோப்புக்குள் நடக்கும் விவசாயியையும், மரம் ஏறும் தொழிலாளியையும் விடத் தேர்ந்த கண் வேறு எது? அவர்களுக்கு அறிகுறியைக் காட்டிப் பழக்கினால், ஒவ்வொரு வெட்டின்போதும் சந்தேக மரத்துக்குச் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் வைத்துவிடுவார்கள். ஒரு நோட்டில் வரிசை எண்ணும் தேதியும் காயின் கணக்கும் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு மரம் தேறுகிறதா, தேய்கிறதா என்பது விளங்கும்.

மரத்தை வெட்டும் முடிவையும் சிறு விவசாயியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. அவர் வெட்டும் மரம் அவர் தோப்பை மட்டுமன்றி ஊர்த் தோப்பையும் காப்பாற்றுகிறது. ஊர் நன்மைக்காக ஒருவர் இழக்கும்போது, அந்த இழப்பில் பங்கு கொள்ள வேண்டியது அரசின் கடமை. மரத்தை அப்புறப்படுத்தும் கூலியும், நோயைத் தாங்கும் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா போன்ற இரகங்களின் தரமான கன்றும் அவர் கேட்கும்போது கிடைக்க வேண்டும். சந்தேகம் உள்ளவர்கள் ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தை அணுகி, மரத்தைக் காட்டிக் கேட்டபின் முடிவு செய்வது நல்லது.

நூறு மணி நேரம்

பிஷாரடி விட்டுச்சென்ற இன்னொரு கருத்து, தென்னை இல்லாத மானாவாரி விவசாயிக்கும் உரியது. ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. இந்தியாவின் பெரும்பகுதியில் ஆண்டு மழையின் மிகப் பெரும் பங்கு சுமார் 100 மணி நேரத்தில் பெய்து முடிந்துவிடுகிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். ஐரோப்பாவில் தூறலாக ஆண்டு முழுவதும் பெய்யும் மழை இங்கே கனத்த துளியாகக் கொட்டி, மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. ஆகையால் அங்குள்ள நீர்ப் பழக்கம் இங்கே பொருந்தாது. அந்த 100 மணி நேரத்தில் பிடித்துவைத்த நீர்தான் மீதி 8,660 மணி நேரத்துக்கும் என்பது அவர் கணக்கின் உட்பொருள்.

கோவை வட்டாரத்தின் சராசரி மழை 650 முதல் 700 மில்லிமீட்டர் வரை. குறைவுதான், ஆனால் 1 ஏக்கரில் 650 மில்லிமீட்டர் விழுந்தால் சுமார் 26 லட்சம் லிட்டர் ஆகிறது. ஐப்பசியில் ஒரே இரவில் 5 சென்டிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர். அதில் கால் பங்கு வழிந்தோடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 4 ஏக்கர்க் காட்டிலிருந்து ஓடுவது 2 லட்சம் லிட்டர். நீளமும் அகலமும் 10 மீட்டர், ஆழம் 2 மீட்டர் கொண்ட பண்ணைக் குட்டையில் ஏறக்குறைய அவ்வளவு நீர் தேங்கும். சரிவுக் கரை விட்டால் சற்றுக் குறையும். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை. மரம் ஒன்றுக்கு நாளைக்கு 100 லிட்டர் சொட்டுநீராகக் கொடுத்தால், ஆவியாவதும் கசிவதும் போக, சுமார் 3 வாரம் தாக்குப்பிடிக்கலாம். பங்குனி, சித்திரையில் 3 வாரத்தின் அருமை கிணறு வற்றியவருக்குத் தெரியும்.

கோடை உழவும், சரிவுக்குக் குறுக்கே போடும் வரப்பும், மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தியும், அதில் புதைக்கும் உரிமட்டையும் இதே கணக்கைச் சேர்ந்தவைதான். இவற்றை மழை பெய்யும் நாளில் செய்ய முடியாது. மழைக்கு முன்பே செய்திருக்க வேண்டும். கொங்கு நாட்டு முன்னோர் குளமும் குட்டையும் வெட்டி வைத்தது இந்த உண்மையை எண்ணால் அறிந்தன்று, அனுபவத்தால் அறிந்து. அவற்றின் நீர்வழியை அடைத்துவிட்டு ஆழ்துளைக் கிணற்றை 1,000 அடிக்கு இறக்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

தென்னையானாலும் மழையானாலும் பிஷாரடியின் வாழ்க்கை சொல்லும் பாடம் ஒன்றே: காலத்தில் பார், காலத்தில் செய். ஓலை மஞ்சளான பிறகு நோயைப் பார்ப்பதும், வெள்ளம் ஓடிய பிறகு வரப்புப் போடுவதும் பார்த்ததாகவும் ஆகாது, செய்ததாகவும் ஆகாது. மேலிருந்து எடுக்கும் படத்தை விவசாயிக்குக் காட்டுவது அரசும் ஆராய்ச்சி நிலையங்களும் செய்ய வேண்டிய வேலை. கீழே நடந்து மரத்தைப் பார்த்து, நோட்டில் எழுதி, மண்வெட்டியை எடுப்பது விவசாயியின் வேலை. இந்த இரண்டும் சேர்ந்தால், கணவாய் வழியே வந்த நோயைக் கொங்குச் சீமையில் கட்டுக்குள் வைக்க முடியும். அடுத்த தேங்காய் வெட்டின்போதே, தோப்பின் முதல் வரிசையிலிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம்.